இஸ்தான்புல் போகிறோம், ஹமாமில் குளிக்கலாமா? காசுக்குத் தகுமா?

தேனிக்காரன்:

அக்டோபர் கடைசியில் இஸ்தான்புல் போகிறோம். நான், மனைவி, மாமியார். தங்குவது சுல்தானஹ்மெட் பக்கம். அயா சோஃபியா, தோப்காபி அரண்மனை, போஸ்பரஸ் படகு எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. தகராறு ஹமாமில்தான், அதாவது துருக்கியரின் பொது வெந்நீர்க் குளியலகத்தில். மனைவிக்குக் கட்டாயம் போக வேண்டும், எனக்கு அரை மனசு, மாமியாரோ "முன்பின் தெரியாத ஒருத்தி என்னைக் குளிப்பாட்டுவதா, நான் என்ன கைக்குழந்தையா" என்கிறார். பெரிய பழைய ஹமாம்களில் விலையை யூரோவில் போட்டிருக்கிறார்கள், மூன்று பேருக்குக் கூட்டிப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம் போலிருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், அந்தக் காசுக்குத் தகுமா? தகும் என்றால் எந்த ஹமாம்? மாமியாருக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஓடுகிறது, முட்டிவலியும் உண்டு. கூச்சம் பற்றியும் யாராவது ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினால் புண்ணியமாகப் போகும்.

ஊர்சுற்றி:

வேண்டாம். நாங்கள் போனது ஓர் ஏஜென்ட் பிடித்துக் கொடுத்த இடம், பெயர் எதற்கு. வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டு கையில் ஒரு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே போனால் ஆட்கள் கல்மேல் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பு சூடாகவே இல்லை, அதற்குள் ஒருத்தர் வந்து காலில் தட்டி, முதுகில் நாலு இழுப்பு, நெஞ்சில் நாலு இழுப்பு, மேலே கொஞ்சம் நுரை, தலையில் தண்ணீர், அவ்வளவுதான், எழுந்திரு என்று கையைக் காட்டிவிட்டார். அப்புறம் எண்ணெய் மசாஜ் வேண்டுமா, முகத்துக்குக் களிமண் பூசட்டுமா என்று ஒரே நச்சரிப்பு. வெளியே வந்தால் டிப்ஸுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் காசுக்கு மூன்று பேரும் கடலோரமாக உட்கார்ந்து நல்ல மீன் சாப்பிடலாம். ஹமாம் என்பது இப்போது சுற்றுலாப் பயணியின் பர்ஸைத் தேய்க்கிற இடம்.

போஸ்பரஸ்வாசி:

ஊர்சுற்றி சொல்வது நடக்காத விஷயம் இல்லை, இந்த ஊரில் தினமும் நடக்கிறது. நான் துணி வியாபாரமாக இங்கே குடியிருக்கிறவன், ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை ஹமாமுக்குக் கூட்டிப்போவது என் தலையில்தான் விழும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு எங்கே கெட்டது என்றால், தேய்ப்பதற்கு முன்னால் இருக்க வேண்டிய காத்திருப்பைப் பறித்துவிட்டார்கள். ஹமாமின் உயிரே அதில்தான் இருக்கிறது. முதலில் நுழைவது ஜாமெகான் என்கிற பெரிய கூடம். சுற்றிலும் உடை மாற்ற மரத்தடுப்பு அறைகள், நடுவில் பல இடங்களில் ஒரு நீரூற்று இருக்கும். அங்கே துணியை மாற்றிக்கொண்டு, மிதமான சூடுள்ள இடை அறை வழியாக ஹராரெத் என்கிற வெந்நீர்க் கூடத்துக்குப் போவீர்கள். நடுவில் சூடான பெரிய பளிங்கு மேடை, பெரும்பாலும் எட்டு முகமாக இருக்கும், கோபெக் தாஷி என்பார்கள். சுவரோரமாகப் பளிங்குத் தொட்டிகள், அவை குர்னா. குர்னா பக்கத்தில் உட்கார்ந்து தாஸ் என்கிற உலோகக் கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டு, அப்புறம் மேடையில் படுத்து, குறைந்தது கால் மணி நேரம் சும்மா வேர்க்க வேண்டும். தோல் ஊறினால்தான் கெசே வேலை செய்யும். கெசே என்பது கையில் மாட்டிக்கொள்கிற சொரசொரப்பான துணியுறை. ஊறாத உடம்பில் அதைப் போட்டு இழுத்தால் எரிச்சல்தான் மிச்சம். ஊறிய உடம்பில் போட்டால் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக அழுக்கு உருண்டு வரும், பார்த்தால் நமக்கே வெட்கமாகிவிடும்.

அதன் பிறகு நுரை. தலையணை உறை மாதிரி ஒரு துணிப்பையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, வாயைத் திறந்து காற்றை அடைத்து, மேலிருந்து கீழாக உருவுவார்கள். ஒரே உருவலில் உங்கள் முதுகு முழுக்க முழங்கை உயரத்துக்கு நுரை கொட்டிவிடும். நுரையின் எடையே தெரியாது, சூடு மட்டும் தெரியும். அந்த நுரை மேலேயே பிடித்துவிடுவார்கள். கடைசியில் குர்னா ஓரம் உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர். சொல்லாமல் ஊற்றுவார்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். பிறகு இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று உலர்ந்த துண்டுகளைச் சுற்றி ஜாமெகானில் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். தேநீரோ சோடாவோ வரும். அங்கே யாரும் உங்களை எழுப்பக் கூடாது. எழுப்புகிற இடம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆகவே முன்பதிவு செய்யும்போது விலையை மட்டும் பார்க்காமல் ஒன்றைக் கேளுங்கள்: உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம்? தேய்ப்பு முடிந்தபிறகும் வெந்நீர்க் கூடத்தில் இருக்க விடுவார்களா? ஆம் என்றால் நல்ல இடம். பதில் மழுப்பலாக வந்தால் ஊர்சுற்றிக்கு நடந்ததுதான் உங்களுக்கும்.

மல்லிகைப்பந்தல்:

பெண்கள் பக்கத்தைப் பற்றி ஆண்கள் எழுத முடியாது என்பதால் நான் வருகிறேன். தேனிக்காரன், உங்கள் மாமியார் சொன்னதையேதான் என் அம்மாவும் சொன்னார்.

பெண்களைக் குளிப்பாட்டுபவரை நாதிர் என்பார்கள். ஆண்கள் பக்கத்தில் இருப்பவர் தெல்லாக். நான் பார்த்த நாதிர்கள் எல்லாரும் நடுவயதுக்காரர்கள், புஜமும் இடுப்பும் உழைத்து இறுகியவர்கள். ஆங்கிலம் நாலைந்து சொல்தான் வரும், மற்றதெல்லாம் கையால்தான். தோளில் தட்டினால் திரும்ப வேண்டும், உள்ளங்கையால் கல்லைத் தட்டினால் படுக்க வேண்டும். அம்மாவுக்குத் தேய்த்தவர் இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தி, கெசேயில் ஒட்டியிருந்த திரியை அம்மா கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டினார், ஏதோ சாதித்துவிட்ட மாதிரி. அம்மா சிரித்த சிரிப்பில் கூடமே எதிரொலித்தது. கூச்சம் அங்கேயே போய்விட்டது.

உடை விஷயம். இடுப்பில் கட்ட பெஷ்டமால் என்கிற மெல்லிய பருத்தித் துண்டு கொடுப்பார்கள், பெரும்பாலும் கட்டம் போட்டது. உள்ளே போனதும் அதைக் கழற்றிக் கல்மேல் விரித்து அதன்மேல் படுப்போம். கீழுள்ளாடை போட்டுக்கொள்ளலாம், பல இடங்களில் ஒருமுறை போட்டு எறிகிற உள்ளாடை அவர்களே தருகிறார்கள். நீச்சல் உடை போட்டுக்கொண்டாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் முதுகு மூடின மாதிரி ஒற்றை உடை போட்டால் தேய்க்க இடம் இருக்காது. மேலுடம்பு மறைக்காமல் இருப்பதுதான் அங்கே வழக்கம். எல்லாரும் அப்படியே இருப்பதால் இரண்டு நிமிடத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. அறுபது எழுபது வயதுப் பெண்கள் பாட்டுக்கு உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் உங்கள் மாமியாருக்குத் தைரியம் வந்துவிடும். வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். தேய்ப்பு இல்லாமல் தானே குளித்துக்கொள்கிற கட்டணமும் சில இடங்களில் உண்டு.

தேனிக்காரன்:

மிக்க நன்றி அக்கா, வாசித்துக் காட்டினேன், மாமியார் "யோசிக்கிறேன்" வரை இறங்கி வந்திருக்கிறார். ஆண்கள் பக்கம் எப்படி? அங்கேயும் எல்லாம் கழற்ற வேண்டுமா? நானும் மனைவியும் ஒன்றாகப் போக முடியுமா?

ஆற்றங்கரை:

ஆண்கள் பக்கம் கவலையே வேண்டாம். பெஷ்டமாலை அவிழ்க்கவே கூடாது, அதுதான் சட்டம். துருக்கியர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பு, ஐரோப்பாக்காரன் யாராவது அவிழ்த்துப்போட்டு நின்றால் தெல்லாக்கே வந்து கட்டிவிடுவார். காவிரியில் குளித்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டே ஈரத்தை மாற்றுகிறவனுக்கு இதெல்லாம் கைவந்த கலை. ஒரே ஆபத்து, ஈரத்தில் அந்தத் துண்டு வழுக்கும். முடிச்சை நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

தெல்லாக் தேய்ப்பார் என்று சொன்னால் போதாது. கையை முறுக்குவார், காலை மடக்குவார், முதுகில் நெட்டி எடுப்பார். வலித்தால் "யவாஷ்" என்று சொல்லுங்கள், மெதுவாக என்று அர்த்தம், உடனே கேட்பார்கள்.

போஸ்பரஸ்வாசி:

சேர்ந்து போவது பற்றி. பழைய முறையில் ஆண் பெண் ஒன்றாகக் குளிப்பது கிடையவே கிடையாது. இரட்டை ஹமாம் என்றால் ஒரே கட்டடத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய மாதிரி இரண்டு பகுதி, தனித்தனி வாசல். ஒற்றை ஹமாம் என்றால் நேரத்தைப் பிரித்துக்கொள்வார்கள். சேர்ந்தே போயாக வேண்டும் என்றால் சுலைமானியே மசூதி பக்கத்திலுள்ள ஹமாம் தம்பதிகளையும் குடும்பங்களையும் ஏற்கிறது, அதுவும் 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம்தான். ஆனால் உள்ளூர்க் குடும்பம் எதுவும் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. அது சுற்றுலாவுக்காக வந்த ஏற்பாடு.

இதில் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுற்றுலா இடங்கள் சிலவற்றில், முக்கியமாகக் கடலோர ஊர்களில் ஹோட்டல்களுக்குள் இருக்கிற ஹமாம்களில், பெண்களுக்கும் ஆண் பணியாளரே தேய்க்கிறார். "இதுதான் எங்கள் வழக்கம்" என்று சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு வழக்கம் துருக்கியில் இல்லவே இல்லை. முன்பதிவு செய்யும்போதே பெண் பணியாளர்தானா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபிறகு மாற்றிச் சொன்னால் கூச்சப்படாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊர்சுற்றி:

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்களே வீட்டில் ஷவரில் குளித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் விட்டுவிட்ட ஒன்றை நமக்கு மட்டும் பாரம்பரியம் என்று யூரோவில் விற்கிறார்கள். செட் போட்டு நடிக்கிற மாதிரிதானே?

கல்தச்சன்:

கட்டடம் செட் இல்லை ஐயா, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் தொழிலில் கட்டடக்கலைஞன், எனக்கு அழுக்கைவிடச் சுவர்தான் முக்கியம்.

செம்பெர்லிதாஷ் ஹமாம் 1584இல் கட்டியது. உஸ்மானியப் (ஒட்டோமான்) பேரரசின் தலைமைக் கட்டடக்கலைஞர் மிமார் சினான் வடிவமைப்பு, கட்டச் சொன்னவர் சுல்தான் மூன்றாம் முராதின் தாய் நூர்பானு சுல்தான். டிராமில் செம்பெர்லிதாஷ் நிறுத்தத்தில் இறங்கினால் கான்ஸ்டன்டைன் தூண், அதை ஒட்டி ஹமாம். இரண்டு பகுதியும் ஒரே அளவில் இருந்தவை, 19ஆம் நூற்றாண்டில் திவான்யோலு சாலையை அகலப்படுத்தியபோது பெண்கள் பகுதியில் ஒரு துண்டு போய்விட்டது. அயா சோஃபியா எதிரே இருப்பது ஹூர்ரெம் சுல்தான் ஹமாம், 1556, அதுவும் சினான். 1910இல் மூடினார்கள். அப்புறம் கிடங்காக இருந்தது, பல ஆண்டு கம்பளம் விற்கும் கூடமாக இருந்தது, பழுதுபார்த்து 2011இல்தான் மறுபடி தண்ணீர் விட்டார்கள். ஆகவே ஊர்சுற்றி சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: நூறு ஆண்டு அறுந்துபோனதை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். செம்பெர்லிதாஷ் கதை அப்படியில்லை, ஜாலோலு ஹமாமும் அப்படியில்லை.

ஜாலோலு 1741, முதலாம் மஹ்மூத் காலத்தது. அயா சோஃபியாவில் அவர் வைத்த நூலகத்துக்கு வருமானம் வரட்டும் என்று கட்டியது. ஹமாம் கட்டி அந்த வருமானத்தை மசூதிக்கோ பள்ளிக்கோ நூலகத்துக்கோ எழுதி வைப்பது உஸ்மானியர் நடைமுறை, ஆகவே காசு பார்ப்பது ஒன்றும் இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. இந்த மஹ்மூத் அரியணை ஏறிய கதையிலும் ஒரு ஹமாம் உண்டு. 1730இல் மூன்றாம் அஹ்மதை இறக்கிய கலகத்துக்குத் தலைமை தாங்கிய பாட்ரோனா ஹலில் ஹமாமில் வேலை பார்த்த ஆள். ஜாலோலுதான் நகரத்தில் எழுந்த கடைசிப் பெரிய ஹமாம். 1768இல் புதிதாகப் பெரிய ஹமாம் கட்டக் கூடாது என்று மூன்றாம் முஸ்தஃபா தடை போட்டார். நகரத்துத் தண்ணீரையும் விறகையும் ஹமாம்களே குடித்துக்கொண்டிருந்தன.

விறகு ஏன் அவ்வளவு? கட்டடத்தின் பின்பக்கம் கூல்ஹான் என்கிற உலை. அதன்மேல் நீர்க்கொப்பரை. உலையின் அனலும் புகையும் வெளியே நேராகப் போகாமல் தரைக்கு அடியில் குட்டைத் தூண்கள் மேல் நிற்கிற வெற்றிடத்துக்குள் ஓடி, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்கள் வழியாக மேலே ஏறிப்போகும். ரோமானியர் முறையின் வாரிசு. தரைக்கு அடியில் இருக்கிற அந்த இடத்தை நரகம் என்கிற பொருளில் ஜெஹென்னெம்லிக் என்றே சொல்வார்கள். வீடில்லாத பையன்கள் குளிர்காலத்தில் அந்த உலைப்பக்கம் படுத்துக்கொள்வார்கள், ஊர் ரவுடியைக் கூல்ஹான்பெயி என்று சொல்வது அங்கிருந்து வந்தது.

படுத்திருக்கும்போது அண்ணாந்து பாருங்கள். குவிமாடத்தில் வட்ட வட்டமாகத் துளைகள், அதில் குமிழ்க் கண்ணாடி. ஜன்னலே இல்லாத கூடத்துக்கு அதுதான் வெளிச்சம். வெயில் நாளில் காலை பத்திலிருந்து மதியம் வரை போனால் ஒளிக்கற்றை ஆவிக்குள் சாய்ந்து இறங்குவது தெரியும். இரவு நேரப் பதிவு எடுத்தால் இது கிடைக்காது.

ஊர்சுற்றி:

கட்டடத்தை நான் குறை சொல்லவில்லையே. குறை உள்ளே நடப்பதில்.

போஸ்பரஸ்வாசி:

உள்ளூர்க்காரர் விட்டுவிட்டார் என்பதும் முழு உண்மை இல்லை. தினசரிக் குளியலுக்கு யாரும் வருவதில்லை, அது சரி. ஆனால் குளிர்காலத்தில், பண்டிகைக்கு முன்னால், நோன்பு மாத இரவுகளில் என் பேட்டை ஹமாமில் இடம் கிடைக்காது. கல்யாணத்துக்கு முன் பெண்ணைத் தோழிகளும் உறவுப்பெண்களும் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டும் சாப்பாடுமாகக் குளிக்கிற கெலின் ஹமாமி இன்றும் உண்டு, பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் குளியலும் சில குடும்பங்களில் இருக்கிறது. வேலை செய்பவர்களும் ஏதோ நடிகர்கள் இல்லை, இஸ்தான்புல் தெல்லாக்குகளில் பலர் தோகாட், சிவாஸ் பக்கத்து ஆட்கள், அப்பா மாமா என்று வழிவழியாக இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள்.

பேட்டை ஹமாம் வேண்டுமென்றால் ஃபாத்திஹ், உஸ்குதார் பக்கம் சந்துகளில் தேடுங்கள். விலைப்பலகை சுவரில் லிராவில் இருக்கும்: நுழைவு தனி, கெசே தனி, நுரை தனி. பலகை இல்லாத இடத்தில் முதலிலேயே பேசிவிடுங்கள். சோப்பும் கெசேயும் வெளியே வாங்கிக்கொண்டு போனால் சுத்தத்துக்கும் நல்லது, ஊருக்கும் எடுத்து வரலாம். எகிப்தியக் கடைவீதி என்கிற மசாலாச் சந்தைப் பக்கம் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு கட்டி கட்டியாக அடுக்கியிருக்கும். இந்த இடங்களில் ஆங்கிலம் இருக்காது, பளிங்கு அங்கங்கே உடைந்திருக்கும், துண்டு பழசாக இருக்கும். பல இடங்கள் ஆண்களுக்கு மட்டும், அல்லது பெண்களுக்கு வாரத்தில் சில நாள் மட்டும். மாமியாரைக் கூட்டிப்போக ஏற்றது என்று சொல்ல மாட்டேன். தனியாளாகப் போனால் நான் அங்கேதான் போவேன்.

இன்னொன்று, எங்கே போனாலும் குர்னாவுக்குள் கையையோ சோப்பையோ விடாதீர்கள், அதில் இறங்கி உட்காரவும் கூடாது. சூடும் குளிரும் இரண்டு குழாயையும் திறந்து தாஸால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். ஓடுகிற தண்ணீரில்தான் சுத்தம் என்பது அவர்கள் முறை, அதனால்தான் துருக்கி ஹமாமுக்குள் பொதுவாகக் குளம் வைப்பதில்லை. வெளிநாட்டவர் அதில் காலைக் கழுவுவதைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டானுப்கரை:

குளம் இல்லை என்பது இஸ்தான்புல்லுக்குச் சரி, வெந்நீர் ஊற்று இருக்கிற ஊர்களில் கதை வேறு. நான் இருக்கிற புடாபெஸ்டில் ருடாஸ் குளியலகம் உஸ்மானியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது, குவிமாடத்துக்கு நேர் கீழே எட்டுமுகக் குளம், அதில் இறங்கித்தான் ஊற வேண்டும். துருக்கியிலேயே புர்சாவில் செகிர்கே பக்கம் இப்படிப்பட்ட வெந்நீர்க் குளியலகங்கள் உண்டு. இஸ்தான்புல்லில் இருந்து கடல் தாண்டி ஒரே நாளில் போய்த் திரும்பலாம். தேய்ப்பதில் ஆசை இல்லாமல் வெந்நீரில் ஊறுவதில் மட்டும் ஆசை என்றால் உங்கள் மாமியாருக்கு அது பொருந்தும்.

செவிலி_ஓய்வு:

நான் மருத்துவர் இல்லை, ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள், அதனால் மாமியார் விஷயத்தை இப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

ஹமாம் பின்லாந்து சவுனா அளவுக்குச் சூடு கிடையாது. சவுனாவில் காற்று 80 டிகிரிக்கு மேல் போகும், இங்கே நாற்பது சொச்சம்தான். ஆனால் ஈரப்பதம் மிக அதிகம் என்பதால் வேர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும், சூடு உள்ளேயே தங்கிவிடும். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர் படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், பளிங்குத் தரை ஈரமாக இருக்கும், அப்புறம் இடுப்பெலும்புதான். ஆகவே அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அவர் சரி என்றால் நடு மேடையில் நேரம் கடத்த வேண்டாம், அதுதான் இருப்பதிலேயே சூடான இடம். ஓரமாகக் குர்னா பக்கத்தில் உட்காரட்டும், நாதிரிடம் உட்கார்ந்தபடியே தேய்க்கச் சொல்லலாம். எழுவதற்கு முன் கால் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் இருக்கட்டும். நாலின் என்கிற மரச்செருப்பு பார்க்க அழகு, முட்டிவலிக்காரர் அதைப் போடக்கூடாது, ரப்பர் செருப்பு கேட்டு வாங்குங்கள்.

இதய நோய் முற்றியவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சல் இருப்பவர்கள் போகவே வேண்டாம். மற்றவர்களுக்கும் ஒன்று: வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், பட்டினியாகவும் போகாதீர்கள். அன்றைக்குச் சவரமோ வேக்சிங்கோ செய்திருந்தால், வெயிலில் தோல் கன்றியிருந்தால், படர்தாமரை சொறி ஏதாவது இருந்தால் கெசே போடக் கூடாது. கெசே உங்களுக்குத் தனியாகப் புதிதா என்று கேளுங்கள், நல்ல இடங்களில் பிரித்துக் காட்டுவார்கள். வெளியே வந்ததும் தண்ணீர், அல்லது உப்புப் போட்ட அய்ரான், நம் மோர்தான் அது. தண்ணீர் குடிக்காமல் தேநீர் மேல் தேநீர் குடித்துவிட்டுத் தலைவலி என்று படுத்தவர்கள் உண்டு.

மல்லிகைப்பந்தல்:

செவிலி அம்மா சொன்ன சவர விஷயத்தைக் கல்லில் பொறித்து வைக்கலாம். என் தோழி முதல்நாள் இரவு வேக்சிங் செய்துகொண்டு வந்தாள், உள்ளே அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆற்றங்கரை:

டிப்ஸ் எவ்வளவு? ஊர்சுற்றி சொன்ன வரிசை எனக்கும் நடந்தது.

போஸ்பரஸ்வாசி:

கட்டணத்தில் பத்திலிருந்து இருபது சதவீதம் பொதுவான கணக்கு. லிராவில், ரொக்கமாக, உங்களைத் தேய்த்தவர் கையில் கொடுங்கள், வெளியே போகும்போது கொடுத்தால் போதும். குளித்துக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ் பற்றிக் காதில் ஓதுகிறவருக்கு நான் குறைத்துத்தான் கொடுப்பேன். எண்ணெய் மசாஜ், களிமண், முகப்பூச்சு எல்லாம் பிற்காலச் சேர்க்கை, வேண்டாம் என்றால் வேண்டாம். கெசேயும் நுரையும் இருக்கிற அடிப்படைத் தொகுப்பு போதும், அதற்கு மேல் உள்ள தொகுப்புகளில் பெரும்பாலும் ரோஜாத் தண்ணீரும் பட்டுத் துண்டும்தான் கூடும்.

தேனிக்காரன்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. வீட்டுப் பஞ்சாயத்தில் முடிவு: மனைவியும் மாமியாரும் ஒரு நாள் போகிறார்கள், நான் இன்னொரு நேரம். கிலிச் அலி பாஷா ஹமாம் என்று ஒன்று பார்த்தேன், படங்கள் அமைதியாக இருக்கின்றன. அது எப்படி?

கல்தச்சன்:

நல்ல தேர்வு. தோப்ஹானே டிராம் நிறுத்தத்தில் இறங்கினால் நடைதான், உங்கள் ஹோட்டலில் இருந்து அதே பாதை. கிலிச் அலி பாஷா இத்தாலியின் கலாப்ரியாவில் பிறந்து, கடற்கொள்ளையரிடம் பிடிபட்டு, மதம் மாறி, உஸ்மானியக் கடற்படைத் தலைவரே ஆனவர். அவர் மசூதியோடு சேர்த்து சினான் 1580களில் முடித்த கட்டடம். கடற்படை ஆட்களுக்காகக் கட்டியதால் ஒரே பகுதிதான், குவிமாடம் மட்டும் மிகப் பெரியது. ஏழு ஆண்டு பழுதுபார்த்து 2012இல் திறந்தார்கள். ஒரே பகுதி என்பதால் காலையிலிருந்து பிற்பகல் வரை பெண்கள், மாலையிலிருந்து இரவு வரை ஆண்கள். உங்கள் திட்டத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு நேரத்தில் குறைவான ஆட்களைத்தான் உள்ளே விடுகிறார்கள், ஆகவே முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஒளிக்கற்றை மட்டும் உங்கள் மனைவிக்குத்தான் கிடைக்கும், உங்களுக்கு இல்லை.

அப்புறம், உள்ளே போக மனம் வராதவர்களுக்கும் சொல்கிறேன், ஸெய்ரெக் சினிலி ஹமாமுக்கு ஒரு எட்டு போய் வாருங்கள். உஸ்மானியக் கடற்படைத் தலைவர் பார்பரோஸ் ஹைரெத்தின் பாஷாவுக்காக சினான் கட்டியது, 13 ஆண்டு பழுதுபார்த்துத் திறந்தார்கள். தோண்டும்போது அடியில் பைசாந்தியக் காலத்து நீர்த்தொட்டிகள் கிடைத்தன. பக்கத்திலேயே அருங்காட்சியகம், சுவரில் ஒருகாலத்தில் நிறைந்திருந்த இஸ்னிக் ஊர் வண்ணப் பீங்கான் ஓடுகளின் மிச்சம், முத்துச்சிப்பி பதித்த நாலின்கள் எல்லாம் இருக்கின்றன. அந்த ஓடுகளில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் கழற்றி விற்கப்பட்டு ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டது. துணியைக் கழற்றாமலே ஹமாமைப் பார்த்த மாதிரி ஆயிற்று.

ஊர்சுற்றி:

அருங்காட்சியகம் என்றால் நான் வருவேன். தேய்க்க வரமாட்டேன்.

புதுவரவு_கோவை:

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். எட்டு வயதுப் பையனை அம்மாவோடு பெண்கள் பகுதிக்குக் கூட்டிப்போகலாமா?

மல்லிகைப்பந்தல்:

பெரும்பாலும் விடமாட்டார்கள். அந்தக் காலத்தில் சின்னப் பையன்களை அம்மாக்கள் கூட்டிப்போவது வழக்கம், கொஞ்சம் வளர்ந்ததும் "அடுத்த தடவை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா" என்று கேலி செய்து அனுப்பிவிடுவார்களாம். இப்போது வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறுகிறது, சில இடங்களில் குழந்தைகளையே ஏற்பதில்லை. அப்பாவோடு ஆண்கள் பகுதிக்கு அனுப்புங்கள், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பையனுக்குக் கெசே வேண்டாம், நுரை போதும், நுரைக்கே அவன் வெளியே வரமாட்டான்.